பொடிசின் நான்காவது அச்சு

2.3.2013

என் பல்லுக்காரித் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைக்க என்ன செலவா. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நாம் இரண்டு பேரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம் என்று உன் அத்தான் சொல்கிறார். அதனால்தான் காகிதம். காகிதம் கத்தாது.

பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்திருப்பது பொடிசின் வாய். பயந்துவிடாதே, அச்சுதான். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு எதிரே இருக்கிற பல் டாக்டர் அளவு எடுத்து பிளாஸ்டர் ஊற்றிக் கொடுத்தார். விஷயம் என்னவென்றால், இருபத்து மூன்றாம் தேதி குட்டி அழகிப் போட்டி. பள்ளிக்கூடத்தில் ஜெயித்தாளே, இது அதற்கு அடுத்த படி. போன வாரம் பார்த்து மேல் முன்பல் இரண்டும் விழுந்து தொலைந்துவிட்டது. ஒன்று தானாக விழுந்தது. இன்னொன்றை அவளே ஆட்டி ஆட்டிப் பிடுங்கிவிட்டு, கையில் வைத்துக்கொண்டு குதிக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏழு வயசு ஆகப்போகுது, பல்லு விழாம கொம்பா முளைக்கும்?" என்கிறார் உன் அத்தான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு மேடையைப் பற்றி என்ன தெரியும்? ஓட்டை வாயோடு ஏறினால் சிரிப்புக்கு மார்க் போய்விடும் என்று பயிற்சி டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் எல்லாம் பொய்ப்பல் வைத்த தகடு மாட்டிக்கொண்டுதான் வருவார்களாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலையவேண்டும் என்று உனக்கு அனுப்புகிறேன். சீக்கிரம் செய்து அனுப்புடி.

உன் அக்கா

14.3.2013

அக்காவுக்கு,

பொடிசின் வாய் உடையாமல் வந்து சேர்ந்தது. தகடு இத்துடன் இருக்கிறது.

எங்கள் பொய்ப்பல் லேபுக்கு வருவதெல்லாம் அறுபது தாண்டிய வாய்கள். பக்கத்து மேஜைக்காரர் உன் மகளின் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பொம்மைக் கடை ஆர்டரா?" என்றார். இந்த அளவுக்குப் பல் கடையில் கிடைக்காது. பெரியவர்கள் பல்லில் இருப்பதிலேயே சின்னதை எடுத்துத் தேய்த்துத் தேய்த்து அவள் வாய்க்குக் கொண்டுவந்தேன். நானே சொல்லக் கூடாது, நன்றாக வந்திருக்கிறது. பக்கத்துப் பல்லின் நிறத்தோடு அப்படியே சேரும்.

கவனமாகக் கேள். இது மேடைக்கு மட்டும். இறங்கியதும் கழற்றிவிடு. சாப்பிடும்போதும் வேண்டாம், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். ஈறுக்குள் புதுப்பல் வரக் காத்திருக்கிறது. வாசலை அடைத்து வைத்தால் அது கோணலாக வேறு பக்கம் வழி தேடும்.

பொடிசுக்கு என் முத்தம்.

தங்கை

9.4.2013

அன்புள்ள பல்லுக்காரிக்கு,

ஜெயித்துவிட்டாள்! முதல் பரிசு! கிரீடம் அவள் தலையைவிடப் பெரியது, நழுவி நழுவிக் காதில் உட்கார்ந்தது. நடுவர்களில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சிரிப்பு எங்கே வாங்கினது?" என்று கேட்டார். என் தங்கச்சி செய்தது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். கழற்றச் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். பல் தேய்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். அப்பாவுக்கு முன்னால்கூட ஓட்டை வாயைக் காட்டமாட்டாளாம். "அது இல்லாத மூஞ்சி என் மூஞ்சி இல்ல" என்கிறாள். பெரிய மனுஷி! சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கும் போட்டுக்கொண்டுதான் போகிறாள். நீ திட்டுவாய் என்று தெரியும். அழுகையை யார் பார்ப்பது சொல்லு.

எனக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை முன்னால் உட்கார வைத்து முடியைச் சுருட்டி, நடக்கவிட்டு, பேசவிட்டு, மதியம் ஆகிவிடுகிறது. ஆறு நாள் கவுண்ட்டரில் நின்று வலித்த கால் எல்லாம் அப்போது மறந்துபோகிறது. மாநில அளவில் ஜனவரியில் இருக்கிறதாம்.

உன் அக்கா

20.4.2013

அக்கா,

வேடிக்கை இல்லை. கழற்று.

தங்கை

11.1.2015

அக்காவுக்கு,

புத்தாண்டு நன்றாக விடிந்திருக்கும் என்று நம்புகிறேன். பொடிசின் மூன்றாவது அச்சு வந்தது. புது முன்பற்கள் வளர்ந்துவிட்டன. ஒன்று கொஞ்சம் திரும்பி நிற்கிறது. ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைப் பேசி இப்போது பயன் இல்லை. பக்கப்பல் இடைவெளிக்கு நீ கேட்ட தகடு அடுத்த வாரம் வரும்.

வேறு ஒன்று. கடைவாய்ப் பற்களின் தலை தட்டையாகியிருக்கிறது. எட்டு வயதுப் பல்லில் மேடு பள்ளம் இருக்கவேண்டும். இவளுடையது அரிசி அரைத்துத் தேய்ந்த கல் மாதிரி இருக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளா? ஏதாவது பயமா, பள்ளியில் யாராவது திட்டுகிறார்களா? கவனித்துச் சொல்.

தங்கை

25.1.2015

தங்கச்சிக்கு,

தகடு கிடைத்தது. கச்சிதம்.

கடிக்கிறாள், நறநற என்று. அத்தானுக்குத் தூக்கமே போய்விட்டது. வேறொன்றும் இல்லை, வயிற்றில் பூச்சி. கடையிலிருந்து மருந்து எடுத்துவந்து கொடுத்தேன், இன்னும் ஒரு வேளை பாக்கி இருக்கிறது. நீ ஊசி முனையைக் காட்டினால் கடப்பாறை என்று கத்துகிறவள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பயமாம், பயம்! மேடையில் அவளைப் பார்க்கவேண்டும் நீ. ஆயிரம் பேர் இருந்தாலும் அசரமாட்டாள். பயிற்சி டீச்சர் சனிக்கிழமை தோறும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி இடுப்பை டேப்பால் அளந்து சுவரில் எழுதுவார். அதில் போன மாதம் நம்ம பொடிசு பேர்தான் மேலே. வீட்டுக்கு வந்து முதலில் என்னிடம்தான் சொன்னாள். "அம்மா, நான் குறைஞ்சுட்டேன்!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நீ இருந்திருந்தால் உனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

உன் அக்கா

6.8.2016

அக்கா,

இதைத் தனியாக இருக்கும்போது படி.

பொடிசின் நான்காவது அச்சு செவ்வாய்க்கிழமை வந்தது. கோரைப்பல் இரண்டும் விழுந்த இடத்துக்குத் தகடு கேட்டிருக்கிறாய். வேலையைத் தொடங்கவில்லை. மற்றவர்களின் அச்சை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு உடைத்துப் போடுவோம். அவளுடையதை மட்டும் நான் உடைக்கவில்லை. நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்து, லென்ஸ் போட்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தேன்.

மேல் முன்பற்களின் உள்பக்கம் கரைந்திருக்கிறது. போன வருஷ அச்சில் இருந்த மேடு இதில் இல்லை, மழமழவென்று வழுக்குகிறது. வெளிப்பக்கம் கரைந்தால் குளிர்பானம் என்று சொல்லலாம், புளிப்பு மிட்டாய் என்று சொல்லலாம். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் மட்டும் கரைந்தால், புளிப்பு வயிற்றிலிருந்து மேலே வருகிறது என்று அர்த்தம். ஒரு நாள் இரண்டு நாளில் இப்படி ஆகாது. அவள் பல நாட்களாக வாந்தி எடுக்கிறாள். உங்களுக்குத் தெரியாமல் எடுக்கிறாள்.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருஷமாகப் பல்லைப் பார்க்கிறவள், அவ்வளவுதான். ஆனால் இது பூச்சி இல்லை. சாப்பிட்டதும் குளியலறைக்குப் போகிறாளா? குழாயைத் திறந்துவிடுகிறாளா? தயவுசெய்து இந்த வாரமே ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போ. போட்டியை விட்டுவிடு, ஒரு வருஷமாவது. பத்து வயதுக் குழந்தை, அக்கா.

கோபப்படாமல் எழுது.

தங்கை

17.8.2016

தங்கைக்கு,

கோபப்படாமல் எழுதவேண்டுமாம்.

என் பிள்ளை என் வீட்டில் என்ன செய்கிறாள் என்பதை ஒரு பிளாஸ்டர் கட்டியைப் பார்த்து நீ எனக்குச் சொல்கிறாய். நல்லா இருக்கிறது. இரண்டு வருஷத்தில் எத்தனை தடவை வந்து பார்த்தாய்? ஒரு தடவை, அதுவும் ஒரு ராத்திரி தங்காமல். பெற்றவளுக்குத் தெரியாதது சுண்ணாம்புக்குத் தெரியுமா? புளியோ எலுமிச்சையோ எதையாவது தின்றிருப்பாள். வயிறு கொஞ்சம் சரியில்லாத பிள்ளை, பயணம் போனால் வாந்தி வரும், அது எப்போதும் உள்ளதுதான்.

நாலு வருஷ உழைப்பு. இறுதிச் சுற்றுக்கு இருநூறு பேரில் பதினைந்து பேர், அதில் ஒருத்தி என் மகள். கவுண்ட்டரில் நிற்கிறவள் மகள். செப்டம்பர் பதினொன்று. இப்போது வந்து ஒரு வருஷம் விடு என்கிறாய். உனக்கு ஒரு பிள்ளை இருந்தால் இப்படி எழுத வருமா?

செய்ய முடியுமா முடியாதா, ஒரு வரி எழுது. முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

2.9.2016

அக்காவுக்கு,

தகடு இத்துடன். கேட்ட தேதிக்குள் வந்துவிடும்.

போட்டுப் பார். சரியாக உட்காரவில்லை என்றால் உடனே திருப்பி அனுப்பு, சரிசெய்து தருகிறேன். ஆடுகிற தகட்டோடு அவளை மேடை ஏற்றாதே.

தங்கை

15.9.2016

தங்கச்சி,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் உன்னைத் தவிர யாரிடம் எழுதுவேன்.

கேள்விச் சுற்றில் விழுந்துவிட்டது. உன் தகடு. நல்லாத்தான் நடந்தாள், நல்லாத்தான் நின்றாள். "உங்க அம்மாகிட்ட உங்களுக்குப் பிடிச்சது என்ன?" என்று கேட்டார்கள். எத்தனையோ தடவை பழகின கேள்வி. வாயைத் திறந்து "எங்க அம்மா" என்றாள். அவ்வளவுதான், தகடு நழுவி மைக்கில் பட்டுக் கீழே விழுந்தது. அந்தச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அவள் குனிந்து எடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையால் வாயை மூடிக்கொண்டு விளக்கு அணையும் வரைக்கும் அங்கேயே நின்றாள். பழகின இடுப்பு வளைவோடு, அப்படியே நின்றாள்.

இன்றைக்கு நாலு நாள். பேசமாட்டேன் என்கிறாள். வாயை மூடிய கையை எடுப்பதில்லை. வேண்டியதை இடது கையால் எழுதிக் காட்டுகிறாள், வலது கை வாயில். பள்ளிக்கு அனுப்பவில்லை. உன் அத்தான் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறார்.

எப்படிடி விழுந்தது? உன் வேலை இதுவரைக்கும் ஒரு நாளும் ஆடியது இல்லையே.

அக்கா

19.9.2016

அக்கா,

எப்படி விழுந்தது என்று கேட்டாய்.

நான்தான் தளர்த்தினேன். பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கி இரண்டையும் கொஞ்சம் விரித்தேன். அண்ணத்தோடு ஒட்டும் பக்கத்தை மயிரிழை அளவு சுரண்டினேன். முடியாது என்று எழுதினால் நீ வேறு லேபுக்குப் போவாய் என்று தெரியும். வீட்டில் போட்டுப் பார்ப்பாய், ஆடும், திருப்பி அனுப்புவாய், நான் இழுத்தடிப்பேன், தேதி தாண்டிவிடும். அப்படிக் கணக்குப் போட்டேன். மேடை வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவே இல்லை. நினைக்கவில்லை என்பது சாக்கு இல்லை என்றும் தெரியும்.

நான் ரயில் ஏறி வந்திருக்கவேண்டும். கதவைத் தட்டி உள்ளே வந்து, உன்னோடு நேருக்கு நேர் சண்டை போட்டிருக்கவேண்டும். அதைச் செய்யாமல் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த சின்ன அரத்தால் ஒரு குழந்தையை ஆயிரம் பேர் முன்னால் தள்ளிவிட்டேன். நீ என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன். இனி என் முகத்திலேயே முழிக்காதே என்றாலும் சரி.

ஒன்றே ஒன்று. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. என்மேல் இருக்கிற கோபத்தில் அதை விட்டுவிடாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை

30.10.2016

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. படித்த அன்றைக்கு உன்னை என்னென்ன வைதேன் என்று எழுதினால் காகிதம் தாங்காது. உன் அத்தான்தான், "போதும், நிறுத்து, அவ காதுல விழுது" என்றார்.

பிறகு வைவதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அது ஆடும் என்று எனக்குத் தெரியும்.

பார்சல் வந்த அன்றே போட்டுப் பார்த்தோம். பேசும்போது கீழே இறங்கியது. உன் சீட்டைப் படித்தேன். திருப்பி அனுப்பினால் பதினொன்றாம் தேதிக்குள் வராது. "அம்மா, ஆடுதும்மா, வேண்டாம்மா" என்றாள். "நாக்கால மேல தள்ளிப் பிடிச்சுக்கோ, மூணு நிமிஷம்தானே" என்று நான்தான் சொன்னேன். ஒரு வாரம் பழகினோம். நாக்கால் பிடித்துக்கொண்டே பேச அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். நீ மயிரிழை தளர்த்தினாய். தெரிந்தே மேடை ஏற்றியவள் நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷம் மருந்துக் கடையில் நிற்கிறவளுக்குக் குளியலறையில் அந்த வாடை தெரியாதா? ஒரு வருஷமாகத் தெரியும். குழாய்ச் சத்தமும் தெரியும். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். வயிறு சரியில்லாத பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீ எழுதியபோது கோபம் வந்தது நீ பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை.

டாக்டரிடம் போகிறோம். வாரம் இரண்டு நாள், நானும் கூடவே உட்காருகிறேன். எடை ரொம்பக் குறைவு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும், அவசரப்படுத்தக் கூடாது என்கிறார்கள். பயிற்சி வகுப்பை நிறுத்தியாகிவிட்டது. டீச்சர் போன் செய்தார், எடுக்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுருட்ட முடி இல்லை, பழக்க நடை இல்லை. பெற்றுப் பத்து வருஷம் வளர்த்த பிள்ளையிடம் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கேட்டால் நம்பமாட்டாய்.

போன வாரம் அவளாகப் பேசினாள். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதங்களை நான் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். பள்ளிக்கூடச் சட்டையை எடுக்கப் போனவள் எடுத்து, தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டாள். நீ லென்ஸ் வைத்துப் பார்த்தது, கடைவாய்ப்பல், கொக்கி எல்லாம். நான் வந்தபோது கடைசிக் கடிதம் மடியில் இருந்தது. உன்மேல் கோபப்படுவாள், என்மேல் கோபப்படுவாள் என்று நின்றேன். கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"சித்திக்கு முன்னாடியே தெரியுமா? நான் பல்லக் கடிக்கிறதுகூடத் தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கும் தெரியுமா, குளியலறையில?"

"தெரியும்டா."

காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இத்தனை வருஷமா ரெண்டு பேரும் என் வாயப் பத்தியே எழுதியிருக்கீங்க. என்கிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லையே."

கடிதங்களை அவளிடமே விட்டுவிட்டேன்.

அதனால் இனிமேல் எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை, கோபம் எல்லாம் ஆறிவிட்டது. எழுதுவதென்றால் அவள் பேருக்கு எழுது. உறையின்மேல் அவள் பேரைப் போடு. கேட்கவேண்டியதை அவளிடமே கேள், என்ன தப்புச் செய்தாயோ அவளிடமே சொல். பதில் போடுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் பிரித்துப் பார்க்கமாட்டேன்.

அக்கா